துணைக்கு வந்தவள்

அக்கா மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டாள். வந்து உட்கார்ந்தபோது நேராகத்தான் இருந்தாள், கைப்பை மடியில், முதுகு நாற்காலியில் படாமல், மைதானத்து ஓரத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்த அதே மனோன்மணி டீச்சராக. பிறகு மெல்ல, யாரும் கவனிக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, வலது பக்கத்தை ஒரு விரற்கடை தூக்கி, எடையை எல்லாம் இடது தொடைக்கு மாற்றினாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறாள். நான் கவனிக்கிறேன். கவனிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பிரான்சில், ஸ்த்ராஸ்பூரில் டிராம் வண்டிகளின் கட்டுப்பாட்டு அறையில், சுவர் நிறைய திரைகளுக்கு முன்னால், பாதி ஆயுளை உட்கார்ந்தே கழித்தவள் நான். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் என் கண்ணில் பட்டுவிடும், நின்றால் காரணம் இருக்கும், காரணம் இல்லாமல் எதுவும் நிற்பதில்லை, சாய்வதும் இல்லை. இது ஓட்டை போட்ட இரும்பு நாற்காலி, உட்கார்ந்தால் எல்லாருக்கும்தான் வலிக்கும், எதிரே உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருக்கும் பெரியவர்கூட நெளிகிறார், ஆனால் அவர் ஊருக்குத் தெரிய நெளிகிறார். அக்கா மறைக்கிறாள். மறைப்பதைத்தான் எனக்கு அடையாளம் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், அந்தச் சுழல் நாற்காலியில், ஒரு காலை மடித்துக் கீழே வைத்து, கேட்டவர்களிடம் யோகாசனம் என்று சொல்லி. ஒருவேளை மூலமாக இருக்குமோ. மூலத்துக்கும் இப்படித்தான் உட்காருவார்கள். இல்லை, மூலம் என்றால் அக்கா சொல்லியிருப்பாள், மூலத்தைச் சொல்வதில் அவளுக்கு வெட்கமே கிடையாது, அத்தானுக்கு மூலம் வந்தபோது காரைக்கால் முழுக்கத் தெரியும், மீன் விற்க வருகிறவள்கூட அத்தானைப் பார்த்து இப்ப எப்படியிருக்கு சார் என்று விசாரித்தாள். அக்கா சொல்லாதது ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் இந்தக் கும்பகோணம், இந்தத் தோல் டாக்டர், இந்த நாற்காலி, எனக்கு ஒரு தோல் தொல்லை, துணைக்கு வாயேன் என்று நான் சொன்ன பாதி உண்மை.

பாதி என்பதுகூடக் குறைச்சல். முக்கால் உண்மை. எனக்கு இருக்கிறது, அது நிஜம், மருந்தால் அடங்கிக் கிடக்கிறது என்பதும் நிஜம். லைக்கன் ஸ்க்லிரோசஸ். முதன்முதலாகக் கேட்டபோது ஏதோ கிரேக்க ஊரின் பெயர் போலிருந்தது. மாதவிலக்கு நிற்கப்போகிற, நின்றுபோன பெண்களுக்கு அதிகமாக வரும் என்றார்கள், ஒட்டாது, பரவாது, யார் செய்த தப்பாலும் வருவதில்லை, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்கிறது போலிருக்கிறது, முழுக்கத் தெரியவில்லை என்று அந்த ஊர் டாக்டரே கையை விரித்தார். அந்த டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் எனக்கு ஆன காலம். காளான் என்றார் ஒருவர், களிம்பு கொடுத்தார், கேட்கவில்லை; இன்னும் பலமான காளான் என்றார் இன்னொருவர், மாத்திரை கொடுத்தார், அதுவும் கேட்கவில்லை; யாருமே குனிந்து பார்க்கவில்லை, நானும் பாருங்கள் என்று சொல்லவில்லை. அரிப்பு என்று சொன்னால் எல்லாரும் கொசுக்கடியை நினைக்கிறார்கள். இது அந்த அரிப்பு இல்லை. உட்கார்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து யாரோ ஒரு நூலைப் பிடித்து இழுக்கிற மாதிரி, இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி, பேசுகிறவர் பேசுவது காதில் விழாமல் போகிற அளவுக்கு, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சொறிந்தால் அந்த ஒரு நொடியில் வருகிற சுகம், வெட்கங்கெட்ட சுகம், அதற்குப் பின்னாலேயே எரிச்சல், விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடுகிறது, வெள்ளையாக, மெல்லிசாக, சுருக்கம் விழுந்து, தொட்டால் கிழிகிறது. குணாளன் என்னைத் தொட வந்தபோதெல்லாம் நான் சுருண்டுகொண்டது அவருக்கு வேறு மாதிரி அர்த்தமாயிற்று. நாங்கள் பிரிந்ததற்கு அது காரணம் இல்லை, ஆயிரம் காரணம் இருந்தது, ஆனால் வலிக்கிறது என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் ஆயிரத்தில் ஒன்று குறைந்திருக்கும். சொல்லவில்லை. ஒரு பள்ளியில் தமிழும் இன்னொரு பள்ளியில் பிரெஞ்சும் படித்தவள், இரண்டிலும் பரிசு வாங்கியவள், ஒன்றில்கூடச் சொல்லவில்லை. கடைசியில் வயதான ஒரு பெண் டாக்டர், கை நடுங்கும் அவருக்கு, ஒரு கண்ணாடியை என் கையில் கொடுத்து, பாருங்கள் மதாம், இது உங்களுடையது, நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தேன். நாற்பத்தைந்து வயதில் முதல்தடவையாக. ஓரங்கள் கரைந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன, எட்டுப் போட்ட மாதிரி வெள்ளை, நடுவில் சிவப்பாக ஒரு வெடிப்பு. பயம் வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை நாள் நடந்தது எனக்குத் தெரியாமலா. பிறகு அந்தக் கோபமும் போய், சரி, இதுதான் ஆள், இனி பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு தெம்பு வந்தது, அது இன்றுவரை இருக்கிறது. ஸ்டீராய்டு களிம்பு, விரல் நுனியில் கொஞ்சம். முதலில் தினம், இப்போது செவ்வாய், வெள்ளி. செவ்வாய் வெள்ளி குளித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்பதால் அக்காவுக்கு என்மேல் பெரிய அபிப்பிராயம், வெளிநாட்டில் இருந்தும் விரதத்தை விடாமல் இருக்கிறாள் பார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள்.

அவள் விஷயம் எனக்கு மெல்லத்தான் பிடிபட்டது. ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் அவள் ஸ்கூட்டியை விற்றுவிட்டது தெரிந்து ஆச்சரியப்பட்டேன், ஸ்கூட்டி இல்லாத அக்காவை எனக்குத் தெரியாது. முட்டி வலி என்றாள், ஆனால் மொட்டை மாடிக்கு வடகம் காயப்போட இரண்டிரண்டு படியாக ஏறினாள். முட்டி வலிக்கிறவள் அப்படி ஏறமாட்டாள். பிறகு குளியலறையில் டெட்டால் பாட்டில், வாங்கி வைத்தால் வாரத்தில் காலி. பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கிற தண்ணீர், யாருக்கும் அம்மை இல்லாத வீட்டில். பாவாடைகளை மட்டும் மாடிக் கொடியில் போடாமல் உள்ளே கட்டிலின் பின்னால் காயப்போடுகிறாள். தண்ணீர் குடிப்பதில்லை, வெயிலில் போய்விட்டு வந்தால்கூட ஒரு வாய், அவ்வளவுதான், சிறுநீர் போக பயம், அந்தப் பயமும் எனக்குத் தெரியும், போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் கை ஊன்றுவது. சுத்தம் போதவில்லை என்று நினைக்கிறாள் அவள். வாழ்நாள் முழுக்கப் பெண்பிள்ளைகளுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுத்தவள், தன் உடம்பில் ஒன்று வந்ததும், சுத்தம் போதவில்லை என்று டெட்டாலை ஊற்றித் தேய்க்கிறாள், தேய்க்கத் தேய்க்கக் கிழிகிறது, கிழியக் கிழிய இன்னும் டெட்டால். ஒரு நாள் கேட்டேன். சமையலறையில், வெங்காயம் அரிந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், அக்கா உனக்குக் கீழ ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன். கீழ என்றால் எது என்று இரண்டு பேருக்குமே தெரியும், ஆனால் அவள் தரையைப் பார்த்தாள். ஒண்ணுமில்லடி, சூடு, என்றாள். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச் சரியாப் போயிடும். அதற்குப் பிறகு மறுநாள் சாயங்காலம்வரை என்னிடம் பேசவில்லை, சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள், நானும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் போன மாதம் கட்டிலின் பின்னால் தொங்கிய பாவாடையில், துவைத்தும் போகாத கறை. சிறியதுதான். ஒரே இடத்தில், ஒவ்வொரு பாவாடையிலும் அதே இடத்தில். வெடிப்பு என்றால் வரும், ஆறும், வேறு இடத்தில் வரும். ஒரே இடத்தில் என்றால் அது ஆறவில்லை. ஆறாத புண் என்றால் காட்டியே ஆகவேண்டும் என்று அந்தக் கை நடுங்கும் டாக்டர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்; கவனிக்காமல் விட்டால் நூற்றில் சிலருக்கு அது புற்றாகிறது, சிலருக்குத்தான், பயப்படாதீர்கள், ஆனால் காட்டுங்கள். சிலருக்குத்தான். சிலரில் ஒருத்தியாக அக்கா ஏன் இருக்க வேண்டும். ஏன் இருக்கக்கூடாது. இந்த இடத்துக்கு வந்தால் என் யோசனை திரும்பத் திரும்ப இங்கேயே நிற்கிறது, பழுதான வண்டி மாதிரி, பின்னால் வருகிற எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக்கொண்டு.

“யாருக்குங்க?” பக்கத்து நாற்காலி அம்மாள் கேட்கிறார். இவ்வளவு நேரம் எப்படித் தாங்கினார் என்பதுதான் ஆச்சரியம். கழுத்தில் படை, மகளோ மருமகளோ ஒருத்தி பக்கத்தில் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா முந்திக்கொண்டு, “இவளுக்குத்தாங்க. என் தங்கச்சி. வெளிநாட்டுல இருந்தவ,” என்கிறாள், வெளிநாட்டில் இருந்ததே ஒரு தோல் வியாதி மாதிரி. “அப்புடியா. என்ன பண்ணுது?” “அலர்ஜி.” “எதுனால?” “அங்கத்தக் குளிருக்கும் இங்கத்த வெயிலுக்கும் ஒத்துக்கல.” “கத்திரிக்கா சேக்காதீங்க,” என்கிறார் அந்த அம்மாள் என்னிடம், கண்டிப்பாக. “கருவாடு சேக்காதீங்க. எனக்கு இப்ப ரெண்டும் இல்லாமத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு.” “அடங்கல,” என்கிறாள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் அந்தப் பெண், “நேத்து நெத்திலிக் கருவாடு தின்னாங்க, அதான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்கோம்.” “ஒரு துண்டுடி.” “ஒரு தட்டு.” அக்கா சிரிக்கிறாள். சிரித்த அசைவில் எடை வலப்பக்கம் விழுகிறது, முகம் ஒரு கணம் வெளுத்துத் திரும்புகிறது, கை கைப்பையின் வாரை இறுக்கிப் பிடிக்கிறது. அந்த அம்மாள் பார்க்கவில்லை. நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். என்னைப் பற்றிய கேள்விக்கெல்லாம் அக்காவே பதில் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, என் வியாதி என்ன என்று அவளுக்குத் தெரியவே தெரியாது, ஆனாலும் எவ்வளவு சரளம். இது எங்கள் ஊர்ப் பழக்கம், எங்கள் வீட்டுப் பழக்கம். டாக்டரிடம் யாரும் தனியாகப் போவதில்லை, துணைக்கு ஒருவர் போகவேண்டும், துணைக்குப் போனவர் வெளியே உட்காருவதும் இல்லை, உள்ளேயே வந்து இரண்டாவது ஸ்டூலில் உட்கார்ந்து நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதை நோயாளியைவிட விவரமாகச் சொல்வார். நோயாளி நாக்கை நீட்டினால் போதும். அத்தானை எத்தனை தடவை அப்படிக் கூட்டிப்போயிருக்கிறாள், அத்தான் வாயைத் திறப்பதற்குள் மூணு நாளாப் பசியே இல்ல டாக்டர் என்பாள், அத்தான் ஆமாம் என்று தலையாட்டுவார். ஸ்த்ராஸ்பூரில் நான் தனியாக உள்ளே போய், தனியாகப் படுத்து, தனியாக வெளியே வந்தேன், யாரும் கூட வராதது அங்கே மரியாதை. முதல் சில வருஷம் அந்த மரியாதை எனக்குக் குளிரெடுத்தது, பிறகு பிடித்துப்போயிற்று, இப்போது எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். தனக்கு என்றால் அக்கா டாக்டர் வாசலை மிதிக்கமாட்டாள், துணைக்கு என்றால் எந்த ஊருக்கும் வருவாள். அதனால்தான் இந்த ஏற்பாடு. காரைக்காலில் எந்த டாக்டர் வீட்டுக்குப் போனாலும் அங்கே நர்சோ ரிசப்ஷனில் இருப்பவளோ அவளிடம் கோகோ விளையாடியவளாக இருப்பாள், வணக்கம் டீச்சர், யாருக்கு டீச்சர் என்பாள், அக்கா அங்கேயே எனக்கு ஒண்ணுமில்ல என்று திரும்பிவிடுவாள்.

உள்ளே போனதும் என்ன செய்வது என்பதுதான் சரியாக அமையவில்லை. மாதக்கணக்காக யோசித்தும். டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனதடவை சொன்னேன், அக்காவுக்கும் இருக்கலாம் என்று தோன்றுகிறது டாக்டர் என்று, குடும்பத்துல வர்றதுண்டு, கூட்டிட்டு வாங்க, பாக்காம நான் ஒண்ணும் சொல்லக்கூடாது என்றார், அவ்வளவுதான், சுருக்கமான மனுஷி. முதலில் நான் படுத்து, டாக்டர் பார்த்து முடித்ததும், அக்காவையும் பார்த்துவிடுங்கள் டாக்டர் என்று சொல்வது ஒன்று. சொன்னால் எழுந்து போய்விடுவாள். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடுவாள், நான் போவதற்குள் காரைக்கால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், சாய்ந்து. அவளை நான் அறிவேன். இல்லாவிட்டால் எனக்கு என்ன வியாதி என்று அவள் முன்னாலேயே விளக்கமாகச் சொல்லிவிடுவது, பெயரோடு, இடத்தோடு, அரிப்போடு, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தால் தனக்கும் அதுதான் என்று அவளுக்கே விளங்கும். விளங்கினாலும் சொல்வாளா. எட்டாம் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரையும் மரத்தடியில் உட்காரவைத்து, இங்க பாருங்கடி, இது ரத்தம், இதுல அசிங்கமும் இல்ல தீட்டும் இல்ல, துணி வச்சிருந்தா வெயில்ல காயப்போடு, ஒளிச்சு வச்சுக் காயப்போட்டா வியாதிதான் வரும் என்று கூச்சமில்லாமல் சொன்னவள் இவள்தான், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், என் அக்கா என்று வெட்கப்பட்டுத் தலைகுனிந்திருந்தேன், தலையைத் தூக்குடி என்று விசிலை ஊதினாள். ஹெட்மாஸ்டரிடம் புகார் போயிற்று, சரிதான் போ என்றாள். அந்த வாய் எங்கே போயிற்று. ரத்தத்தைப் பற்றிப் பேசின வாய், ரத்தம் நின்ற பிறகு வந்ததைப் பற்றி ஏன் பேசமாட்டேன் என்கிறது. வரப்போகிற வாழ்க்கைக்கு என்றால் பேசலாம், பிள்ளை பெறுவதற்கு என்றால் பேசலாம், எல்லாம் முடிந்துபோன உடம்புக்கு என்ன வந்தால் என்ன என்று நினைக்கிறாளா. முடிந்துபோனதா. அறுபத்தொரு வயதில் என்ன முடிந்தது. இல்லை, நான் ஜோடிக்கிறேன், அவளுக்குச் சும்மா வெட்கம், எனக்கு இருந்த அதே வெட்கம், பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எனக்குக் கண்ணாடி கொடுக்க ஒருத்தர் இருந்தார். அவளுக்கு நான். போதும். நான் போதும் என்றுதான் தோன்றுகிறது, என்னவோ இன்றைக்குக் காலையிலிருந்தே அப்படி ஒரு தைரியம், பஸ்ஸில் வரும்போது அரசலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததாலா, அல்லது அக்கா பஸ்ஸில் எழுந்து நின்றே வந்ததாலா, இடம் இருந்தும், நீ உக்காருடி எனக்கு நின்னா காத்து வருது என்று. நின்றுகொண்டு வந்தவளை எப்படியும் உட்காரவைத்துவிடுவேன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

“வேதவல்லி,” என்று கூப்பிடுகிறாள் கதவைத் திறந்த பெண். “வேதவல்லி கூட யாரு?” “நான்தாம்மா,” என்று எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறாள் அக்கா, புடவையைப் பின்னால் தட்டிவிட்டுக்கொண்டு, ஏதாவது தெரிகிறதா என்று ஒரு பார்வை. தெரியவில்லை. கத்திரிக்கா, என்று நினைவூட்டுகிறார் பக்கத்து அம்மாள். உள்ளே ஏசி குளிர், பச்சைத் திரை, ஸ்பிரிட் வாடை. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார், அக்காவைப் பார்க்கிறார், ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நான் நோயாளி ஸ்டூலில், அக்கா இரண்டாவது ஸ்டூலில், மெத்தை வைத்த ஸ்டூல், இருந்தும் ஓரத்தில். இப்போது சொல்லவேண்டும். என் பெயரை, இடத்தை, எல்லாவற்றையும், முதல் வாக்கியம் என்ன வைத்திருந்தேன். “எப்புடி இருக்கு இப்ப?” என்கிறார் டாக்டர் என்னிடம். நான் வாயைத் திறக்கிறேன். “அப்புடியேதான் இருக்கு டாக்டர்,” என்கிறாள் அக்கா. “அரிப்பு நிக்கல.” நான் திரும்பிப் பார்க்கிறேன். அவள் டாக்டரைத்தான் பார்க்கிறாள், கைப்பை மடியில், அத்தானுக்குச் சொன்ன அதே குரல், அதே சரளம். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்கிறார். “எப்ப அதிகம்?” “படுத்தா. போர்வை சூட்டுக்கு இன்னும் ஜாஸ்தி. பகல்ல வேலைல இருக்கும்போது தெரியாது, சும்மா உக்காந்தாத் தெரியும்.” நான் அவளிடம் சொன்னது தோல் தொல்லை என்ற ஒரு வார்த்தை. எந்த இடம் என்று சொல்லவில்லை. கையா காலா என்றுகூட அவள் கேட்கவில்லை, கேட்காததை நான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறக்காதே வேதா, மூச்சுக்கூட விடாதே. “எரிச்சல்?” என்கிறார் டாக்டர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு. “இருக்கு. ஒண்ணுக்குப் போனா மொளகா வச்ச மாதிரி. தண்ணியே குடிக்கிறதில்ல.” “என்ன போட்டுக் கழுவுறாங்க?” “டெட்டால். வேப்பெல வெந்நி. மெடிக்கல்ல ஒரு ஆயின்மென்ட் குடுத்தான், படைக்குன்னு சொல்லித்தான் கேட்டது, அதைப் போட்டா இன்னும் தீயா எரியுது.” “டெட்டால் வேணாம், வெந்நியும் வேணாம், இன்னியோட நிறுத்தச் சொல்லுங்க,” என்கிறார் டாக்டர், சொல்லுங்க என்றுதான் சொல்கிறார், என்னைச் சுட்டாமல், அவளையும் சுட்டாமல். “சுத்தம் பத்தாததுனால வர்றது இல்ல இது. கழுவக் கழுவத்தான் மோசமாகும்.” அக்கா இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “சுத்தம் பத்தாததுனால இல்லியா?” “இல்லம்மா.” நான் என் நகத்தைப் பார்க்கிறேன். “ஆறாம புண்ணு ஏதும் இருக்கா?” இந்தக் கேள்விக்காகத்தான் நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன், இதற்குப் பதில் வராவிட்டால் மற்றது எதுவும் பதில் இல்லை, திரையில் அந்த வண்டி அசைய வேண்டும், அசைய வேண்டும், ஏதோ ஒரு பழைய அவசரத்தில் என் கட்டைவிரல் பொத்தானைத் தேடுகிறது. “ஒண்ணு இருக்கு,” என்கிறாள் அக்கா. “வலப்பக்கம். பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து ஆறல. கடுகாட்டம் இருந்துச்சு, இப்பப் பட்டாணியாட்டம் இருக்கு. கைக்குத் தட்டுது.”

கைக்குத் தட்டுது என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது போலிருக்கிறது. யாருடைய கைக்கு என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் மேஜை விளக்கைச் சரிசெய்கிறார். அக்கா மெதுவாக என் பக்கம் திரும்புகிறாள், கோபம் வரப்போகிறது என்று நான் தயாராக இருக்கிறேன், பஸ் ஸ்டாண்டுவரை பின்னால் ஓடவும் தயார். “உனக்குத் தெரியும்ல,” என்கிறாள். “தெரியும்.” “எப்பத்திலேர்ந்துடி?” “வந்ததிலேர்ந்தே சந்தேகம்.” “ஒனக்கு நெஜமாவே ஏதாவது இருக்கா, இல்ல என்னை இழுத்துட்டு வர்றதுக்கு நாடகமா?” “எனக்கும் இதேதான். இதே இடம். நாலு வருஷமா.” அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பொய்யா என்று தேடுகிற பார்வை, ஓட்டப்பந்தயத்தில் கோட்டைத் தொடாமல் திரும்பியவளைப் பிடிக்கிற பார்வை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.” “நீ சொன்னியா?” “நான் பெரியவ.” “அதனால?” அதனால என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிறாள், அழுகை இல்லை, ஏசி. “கழுதை,” என்கிறாள் டாக்டரைப் பார்த்து, என்னைத்தான். “அப்ப அந்தச் செவ்வா வெள்ளி?” “மருந்து.” “அட பாவி, நான் பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கேனே.” டாக்டர் முதல்தடவையாகச் சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே எழுந்து பச்சைத் திரையை விலக்குகிறார். “வாங்கம்மா. பாத்துடலாம். அந்தப் புண்லேர்ந்து துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பவேண்டி வரலாம், மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்போம். மத்ததுக்கு மருந்து இருக்கு. தங்கச்சி வேணா வெளிய இருக்கட்டும்.” “அவ இருக்கட்டும்,” என்கிறாள் அக்கா. கைப்பையை என் மடியில் வைக்கிறாள், கனமாக இருக்கிறது, வாட்ச்சையும் கழற்றி அதன்மேல் வைக்கிறாள், எதற்கு வாட்ச்சைக் கழற்றுகிறாள் என்று தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் பையோடு எழுந்து கட்டிலின் தலைமாட்டில் போய் நிற்கிறேன். அவள் ஏறிப் படுக்கிறாள். படுக்கும்போது வலிக்கிறது, மறைக்கவில்லை, ஸ் என்று வாய்விட்டே சொல்கிறாள். மேலிருந்து பார்த்தால் வேறு முகமாக இருக்கிறது, இளையவள் முகம், நெற்றியில் பொட்டு லேசாகக் கலைந்திருக்கிறது. துளி எடுப்பார்கள், அனுப்புவார்கள், என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, எது வந்தாலும் பட்டாணியிலேயே பிடித்தாயிற்று, பட்டாணி சிறியது, சிறியதை வெட்டி எறிந்துவிடலாம், அப்படித்தான் சொன்னார்கள், அப்படித்தான் இருக்கும். டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, விளக்கைத் திருப்பிக்கொண்டு, குனிகிறார். அவர் குனிந்து பார்ப்பதை நான் பார்க்கிறேன். “வெள்ளை இருக்கு. தங்கச்சிக்கு இருந்த மாதிரியேதான்,” என்கிறார். “இந்த வெள்ளை எத்தனை வருஷமா இருக்கு?” பழக்க தோஷம், கேள்வி என் பக்கமாகத்தான் வருகிறது, நிற்பவளிடம், துணையிடம். ஸ்கூட்டியை விற்றது எப்போது, டெட்டால் எப்போதிலிருந்து, எல்லாம் சேர்த்து என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, நல்ல பதில், நான் சொல்வதற்காக மூச்சை இழுக்கிறேன்.

“நீ சும்மா இருடி,” என்கிறாள் அக்கா, படுத்தபடியே. “எங்கிட்ட கேக்குறாங்க.”